தப்பாகப் புரிந்துகொண்டவள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இடது காதில் லேசான குடைச்சல். வலது கைப் பெருவிரலில் மெழுகு சுட்ட புண். மற்றபடி நலம். போன கடிதத்தில் உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். சுரங்கத்துத் தூசியாலா, சிகரெட்டாலா என்று எழுதவில்லை. எழுது.

ஒரு பெரிய செய்தி. போன மாதம், செயற்கைப் பல் செய்கிற எங்கள் லேபில் புதிதாக ஓர் அரைக்கும் மெஷின் வந்து இறங்கியது. அதை ஓட்டிப் பார்த்தபோது எழுந்த கூச்சலில் நான் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லையாம். முதலாளி திட்டவில்லை. மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, ஒரு டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் என்னோடு மூன்று முறை உட்கார்ந்து பேசினார். கடைசியில் எனக்கு ஆட்டிசம் என்றார். நோய் இல்லையாம், பிறக்கும்போதே மூளை அமைந்த விதமாம். மனிதர்கள் ஜாடையாகப் பேசுவது எனக்குப் பிடிபடாததும், சத்தம் உடம்பில் அடி விழுவது போல் வலிப்பதும் அதனால்தானாம்.

பள்ளிக்கூடத்தில் இதைத் திமிர் என்றார்கள். அம்மா மரமண்டை என்றாள். நானோ, கெட்டுப்போன பொருளாக்கும் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கெடவில்லை, வேறு மாதிரி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது அழுதேன். துக்கத்தில் இல்லை.

உன் அத்தான் கூடவே வந்தார். எங்களுக்குப் பீங்கான் பொடி விற்க வந்துகொண்டிருந்த மனிதர் என் கணவராகி நாலு மாதம் ஆகிறது என்பதை நானே சில நாள் நம்புவதில்லை. லேபில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவர், என்னைப் போய்க் கேட்டாரே. டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும், “இனிமே மனுஷங்க விஷயத்தை எங்கிட்ட விட்டுடு. யார் என்ன நினைக்கிறாங்கன்னு நான் உனக்குச் சொல்றேன். நீ பல்லைப் பார்த்துக்க, நான் வாயைப் பார்த்துக்கறேன்” என்றார். எனக்குத் தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போல் இருந்தது.

போன் செய்யாதே. எப்போது நான் பேச வேண்டும், எப்போது நீ பேசுவாய் என்று அதில் தெரிவதில்லை. எழுது.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் தூசியாலும் சிகரெட்டாலும் பாதிப் பாதி. இப்போது தேவலை. உன் காது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மலைக்குள்ளேயே, விளக்கு மாட்டுகிற ஏணியில் உட்கார்ந்து படித்தேன். கீழே நின்றவன், “என்ன எலக்ட்ரீஷியன், ஊர்ல ஏதாவது விசேஷமா?” என்றான். “எங்க அக்கா சரியாத்தான் இருக்காளாம், டாக்டர் சொல்லிட்டாங்க” என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சின்ன வயதில் விருந்தாளிகள் எதிரே நீ பட்டென்று ஏதாவது சொல்லிவிடுவாய். நான் ஓடி வந்து, “அவ அப்படிச் சொல்லலை, இப்படிச் சொல்றா” என்று சமாளிப்பேன். அந்த வேலையை இப்போது அத்தான் ஏற்றுக்கொண்டுவிட்டார். எனக்குப் பென்ஷன் கொடுத்துவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கல்யாணத்தன்று அவர் என் தோளில் கை போட்டு, “மச்சான், இவளை நான் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வச்சுக்குவேன்” என்றபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ கொடுத்து வைத்தவள். மனுஷர் விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்டு நட. அவருக்கு உலகம் தெரியும்.

இங்கே பனி. தபால் ஜீப் வாரத்துக்கு ஒரு முறைதான் மேலே ஏறுகிறது. தாமதமானால் கவலைப்படாதே.

உன் தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

காது சரியாகிவிட்டது. இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை. சாப்பாடு இறங்குகிறது. நீ கம்பளிக் காலுறை வாங்கினாயா?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அத்தான் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, “நாளைக்கு எங்க மேனேஜரும் அவர் வீட்டம்மாவும் சாப்பிட வர்றாங்க. நீ ஒண்ணும் பண்ணாதே, நான் வெளியே வாங்கிட்டு வந்துடறேன்” என்றார். சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். இவர் வெறும் கையோடு வந்தார். மேஜையைப் பார்த்துவிட்டு அவர்கள் எதிரிலேயே, “சமைச்சு வைன்னு நேத்து அவ்வளவு சொன்னேனே! பரவாயில்லை, இவளுக்கு இப்படித்தான், நாமதான் பழகிக்கணும்” என்று சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். மேனேஜரின் மனைவி என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு, “ஒண்ணும் பண்ணாதேன்னுதானே சொன்னீங்க?” என்று கேட்டேன். “நான் அப்படிச் சொல்வேனா? உனக்குப் பேச்சு சரியாப் புரியாதுன்னு டாக்டரே சொல்லலியா?” என்றார். கோபப்படவில்லை. என் தலையைத் தடவினார்.

இன்னொன்று. லேபில் என்னோடு மத்தியானம் சாப்பிடுகிற பெண் ஒருத்தி உண்டு. பல் அச்சுக்குச் சுண்ண மாவு கரைத்து ஊற்றுகிறவள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். நான் இல்லாதபோது அவள் என் நடையைப் பழித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறாள் என்று உன் அத்தான் சொன்னார். நேரே கேட்கட்டுமா என்றேன். “கேட்டா ஒத்துக்குவாளா? இதுதான் உனக்குப் புரியறதில்லை” என்றார். இப்போது பின்கட்டில் தனியாகச் சாப்பிடுகிறேன். சிட்டு இரண்டு நாள் வந்து கூப்பிட்டாள். நான் பதில் பேசவில்லை. அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எந்த மாதிரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், மறுநாள் சொல்லவில்லை என்கிறார். கேட்டவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. யார் சொல்வது சரி? உனக்கு மனிதர்களைத் தெரியும். எழுது.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். காலுறை வாங்கியாயிற்று. நீ நன்றாகத் தூங்கு. அதுதான் முதல் மருந்து.

உன் கேள்விக்குப் பதில் சுலபம். நீ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய். ஷூ மாட்டுகிற அவசரத்தில் அவர் அரைகுறையாக ஏதாவது சொல்லியிருப்பார், நீ வேறு நினைவில் இருந்திருப்பாய். புருஷன் பெண்டாட்டி என்றால் இதெல்லாம் சகஜம். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. சின்ன வயதில் அப்பா, “நிலாவைப் பிடிச்சுத் தர்றேன்” என்று சொன்னதற்காக ஜன்னலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் நீ.

அந்தச் சிட்டு விஷயத்திலும் அத்தான் காரணமில்லாமல் சொல்லமாட்டார்.

கவலையை விடு. நீ எழுதியதையெல்லாம் சொல்லி அவருக்கும் இன்றைக்கே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். “எங்க அக்காகிட்ட விளையாட்டுக் காட்டாதீங்க அத்தான், அவ கோர்ட்டுக்கே போயிடுவா” என்று கிண்டலாகத்தான் எழுதினேன். ஆண்பிள்ளைகள் நாங்கள் பேசிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உன் தம்பி

மே 3

பிரியமுள்ள மச்சானுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் சுகம். மலைக்குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக இருந்தால்தான் எங்களுக்குத் தெம்பு.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் கலங்கினேன். அவள் மனதில் இவ்வளவு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அவள் குழந்தை மச்சான். நடக்காததை நடந்ததாக நினைத்துக்கொள்கிறாள், நடந்ததை மறந்துவிடுகிறாள். நான் குறையாகச் சொல்லவில்லை. இப்படித்தான் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டேன்!

லேப் வேலை அவளை உருக்குகிறது. அந்தச் சத்தம், அந்தப் பேச்சு. நான் சொன்னால் கட்டாயப்படுத்துவதாக நினைப்பாள். நீங்கள் சொன்னால் வேதவாக்கு. வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும்படி நாலு வரி எழுதுங்கள். இனி அவளுக்கு எழுதுவதை என் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்பிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து படித்து விளக்கிச் சொல்கிறேன். தனியாகப் படித்தால் எதையாவது வேறு மாதிரி எடுத்துக்கொண்டு தவிக்கிறாள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அவளைக் கரையேற்ற முடியும்.

என்றும் அன்புடன்,
அத்தான்

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று அத்தான் எழுதியிருந்தார். அவர் உன் மேல் வைத்திருக்கிற அக்கறையைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

அந்த வேலையை விட்டுவிடேன் அக்கா. ஊரார் பல்லுக்கெல்லாம் நிறம் பார்த்துப் பார்த்து நீ என்ன கண்டாய்? கொஞ்ச நாள் வீட்டில் நிம்மதியாக இரு. நான் யோசித்துத்தான் சொல்கிறேன். அத்தான் சொன்னதால் இல்லை.

உன் தம்பி

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடியே வேலையை விட்டுவிட்டேன். வீடு சொர்க்கமாக இருக்கிறது. இப்படி ஒரு கணவர் கிடைக்க நான் எவ்வளவு அதிர்ஷ்டம் செய்திருக்க வேண்டும்! முன்பு நான் எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. சும்மா ஏதோ குழப்பத்தில் எழுதியது.

உன் அன்பு அக்கா

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். ஜூலைக் கடைசியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று போட்டேன். பதில் இல்லை. இந்தத் தடவை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

நீ வேண்டாம் என்றும் கீழே இறங்கிப் போய்ப் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். தூங்குகிறாய் என்றார். அடுத்த வாரம் செய்தேன், குளிக்கிறாய் என்றார். அதற்கும் அடுத்த வாரம், “அவளுக்கு இப்போ யார்கிட்டயும் பேசப் பிடிக்கலை மச்சான், உங்ககிட்டயும்தான், என்ன பண்றது” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு முன்பெல்லாம் பிடிக்கும்.

உன் ஜூலைக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வந்தபோது, அக்கா கடைசியில் எல்லோரையும் போல எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது உன் பழைய கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். காது, கண், கை, தூக்கம் எதுவுமே இல்லை. ஒரே வார்த்தையில் நலம். ‘சும்மா’ என்று நீ வாழ்க்கையில் எதையாவது எழுதியிருக்கிறாயா?

மலைச்சரிவில் பாதை அடைத்துக் கிடக்கிறது. தபால்காரர் நடந்துதான் இறங்குகிறார், லீவு யாருக்கும் கிடையாது. இரண்டு வரி போதும். வலியைப் பற்றியே எழுது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

தம்பி

நவம்பர் 5

அண்ணனுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அக்காவோடு லேபில் மாவு ஊற்றுகிறவள். சிட்டு என்றால் தெரியுமோ என்னவோ. உடம்பு நலமா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும் என்று அக்கா சொன்னார்கள். அதனால் கேட்கிறேன்.

அக்கா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள். இரண்டு வாரமாகப் பின்னறையில் இருக்கிறார்கள். முதல் நாலு நாள் பேசவே இல்லை. ஃபேன் கிரீச்சிடுகிறது, நிறுத்தட்டுமா என்று மட்டும் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், காலையில் நாலு தெருவுக்குக் கேட்கத் தொண்டையைச் செருமுவார். இப்போது தெருமுனைக்குப் போய்ச் செருமிவிட்டு வருகிறார். நேற்று அக்கா சோற்றில் உப்புக் குறைச்சல் என்று சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, பழைய அக்கா வந்துவிட்டார்களே என்று.

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையை அவர்களே எழுதுவார்களாம். நான் சொன்னால் கூட்டிக் குறைத்துவிடுவேனாம். ஒன்று மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். நான் அவர்கள் நடையைப் பழித்தேனாம். ஆறு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம் அண்ணா. பேசாமல் போனபோது, நான்தான் என்னவோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். கையைப் பிடித்து, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோஷம், கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வாய் அப்படி.

சிட்டு

டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

எடை குறைந்திருக்கிறது. கைநடுக்கம் காலையில் உண்டு, பத்து மணிக்கு மேல் இல்லை. தூக்கம் வர ஆரம்பித்திருக்கிறது. நீ நலமா?

ஏப்ரலில் நீ அவருக்கு எழுதிய கடிதத்தை அவர் சாப்பாட்டு மேஜையில் வைத்து என் எதிரே படித்தார். உரக்கத் திட்டவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை. நான் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருப்பதுபோல அதைத் தாண்டி உப்பை எடுப்பார். ஒருநாள் காலையில் சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்தார். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்டேன். “நான் எப்போ பேசாம இருந்தேன்? உனக்கு ரொம்ப முத்திப்போச்சு” என்றார். அன்றைக்கு நான் மிகவும் பயந்துபோனேன். அவரைக் கண்டு இல்லை, என்னைக் கண்டு.

“உன் தம்பிக்கே அலுத்துப்போச்சு, அதான் எனக்கு எழுதறான்” என்றார். அப்புறம், வேலையை விடச் சொன்ன கடிதத்தைத் தவிர உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை, அதனால் அதுவும் சரி என்று நினைத்தேன். ஜூலைக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். “பாரு, எவ்வளவு அழகா எழுதறே” என்றார்.

வேலையை விட்டது நீ எழுதியதால் மட்டும் இல்லை. பல் டாக்டர்கள் எல்லோரும் நான் பற்களுக்குப் போடும் நிறம் தப்பு என்று புகார் சொல்வதாகவும், முதலாளி என் முகத்துக்காக வாயைத் திறக்காமல் இருப்பதாகவும் அவர் சொன்னார். அவர்தான் எல்லா கிளினிக்குக்கும் போகிறவர். நான் செய்த பற்களை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தன. காது தப்பு என்றால் கண்ணும் தப்பாக இருக்கலாம் என்று வேலையை விட்டேன்.

அக்டோபரில் மருந்துக்கடை வாசலில் சிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்க்கா போனீங்க? உங்க நாற்காலியில முதலாளி யாரையும் உட்கார விடலை” என்றாள். புகார் வந்ததே என்றேன். “என்ன புகார்? யார் சொன்னது?” என்றாள். வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவரை நடந்ததெல்லாம் அவர் வார்த்தைக்கு எதிராக என் வார்த்தை. இது அப்படி இல்லை. மூன்றாவது மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு திங்கட்கிழமை லேபுக்குப் போய், “என் மேல புகார் வந்துச்சா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று முதலாளியிடம் கேட்டேன். “புகாரா? ஒரு அம்மா வந்து, நீ செஞ்ச பல்லு நல்லா இருக்கு, சொந்தப் பல்லுதான் அசிங்கமா இருக்கு, அதையும் மாத்துங்கன்னு சண்டை போட்டாங்க. அது புகாருன்னா, அது ஒண்ணுதான்” என்றார்.

பின்கட்டுக் குழாயடியில் நின்றேன். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு நான் கேட்டபடியேதான் இருந்தது. மற்றதும் ஒவ்வொன்றாக வந்தது. நான் எதையும் தப்பாகக் கேட்கவில்லை. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நான் தப்பு என்றால் அவர் நல்லவர். நான் சரி என்றால் அவர் நல்லவர் இல்லை. இத்தனை மாதம் முதலாவதையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போக அதுதான் வசதி.

அன்று வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் சிட்டுவோடு போய்த் துணிமணி எடுத்துக்கொண்டேன். அவர் சிட்டுவுக்கு டீ போட்டுக் கொடுத்தார். “நாலு நாள்ல வந்துடுவா. இவளை வேற யாரு வச்சுக்குவா?” என்று அவளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. சிட்டு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். அவள் எதையாவது குடிக்காமலோ பேசாமலோ விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மார்ச்சில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதனால் நீ இனி யோசிக்க வேண்டாம்.

அக்கா

டிசம்பர் 20

அக்கா,

நலமா என்று கேட்கவே கை கூசுகிறது.

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நீ கோபமாக எழுதியிருந்தால் தேவலை. எனக்குத் தெரியும், நீ கோபமாக எழுதவில்லை, உள்ளதைத்தான் எழுதியிருக்கிறாய். அதுதான் தாங்கவில்லை.

அவன் உன்னிடம் சொன்ன வார்த்தையும் நான் உனக்கு எழுதிய வார்த்தையும் ஒன்று. நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று. அவனாவது ஒரு வருஷமாகச் சொன்னான். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து, உனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, எத்தனை பேர் எதிரில் சொல்லியிருக்கிறேன்! அவன் வந்தபோது நீ அதற்குப் பழகிப்போயிருந்தாய். நீ நம்பிச் சொன்னதை நானே எடுத்துப்போய் அவன் கையில் கொடுத்தேன். அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டுத் தோளில் கை போட்டால் எனக்கு உலகமே புரிந்துவிடுகிறது, சொந்த அக்கா வரிவரியாக எழுதினால் புரியவில்லை.

பாதை திறந்துவிட்டது. நீ வரச் சொன்னால் உடனே வருகிறேன். இங்கே குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு நல்ல வீடு தருகிறார்கள். என்னோடு வந்து இரு அக்கா. உனக்கு ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். இனி யாரும் உன்னை அண்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் எழுது.

தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

கைநடுக்கம் நின்றுவிட்டது. ஒரு கடைவாய்ப் பல்லில் கூச்சம். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. உன் கடிதத்தில் நீ உன் உடம்பைப் பற்றி எழுதவில்லை.

தாமதத்துக்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம், இதை இன்னும் யார் படிப்பார்கள் என்று தோன்றியது. எழுந்துவிட்டேன்.

லேபில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் பழையதுதான். பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். டாக்டரிடமும் போனேன். எனக்குப் பேச்சு தப்பாகப் புரியும் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். “ஜாடையாச் சொன்னா பிடிபடாம போகலாம்னு சொன்னேன். காதுல விழுந்தது மாறி விழும்னு நான் எப்பம்மா சொன்னேன்?” என்றார். அவருக்கு அன்று மிகவும் வருத்தம். என்னைத் தனியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும் என்றார்.

பொடி விற்க அவர் இன்னும் லேபுக்கு வருகிறார். அவர் கம்பெனிப் பொடிதான் நல்ல பொடி, முதலாளியால் வேறு வாங்க முடியவில்லை. எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று முன்னறையில் இருப்பவர்களிடம் சொல்லியிருக்கிறார். சிலர் நம்புகிறார்கள், என்னோடு மெதுவாகப் பேசுகிறார்கள். போன வாரம் அவர் ஒரு ஜோக் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்த நானும் சிரித்துவிட்டேன். ஜோக் நன்றாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சிட்டு தன் சாப்பாட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, மனிதர்கள் விஷயத்தைத் தன்னிடம் விட்டுவிடு என்றாரே, அது உண்மையா என்று யோசிக்கிறேன். எந்த நாள் உண்மை, எந்த நாள் இல்லை என்று பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நல்லவை என்று நான் வைத்திருந்த நாட்களும் போய்விட்டன. அதற்குத்தான் அதிகம் அழுகிறேன்.

நீ கேட்ட வரியைப் பற்றி. மன்னிப்பது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சிட்டுவிடம் கேட்டேன். கோபம் போய்விட வேண்டும் என்றாள். எனக்குள் தேடிப் பார்த்தேன், கோபம் இல்லை. ஆனால் முன்பெல்லாம் உனக்கு எழுதும்போது நான் யோசிக்கமாட்டேன், கை தானாக ஓடும். இப்போது ஒவ்வொரு வரியிலும் நிற்கிறது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நிற்கிறது. இதற்கு என்ன பெயர் என்று தெரியாததால் நீ கேட்ட வரியை எழுத முடியவில்லை.

உன்னோடு வந்து இருக்கமாட்டேன். ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன், யாரையும் அண்டவிடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அவரும் இதைத்தான் சொன்னார், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். நீ அன்பால் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. இதைப் படித்தால் உனக்கு வலிக்கும், அந்த வரிகளை அடித்துவிடுங்கள் என்று சிட்டு சொன்னாள். உண்மையாக இருப்பதால் அடிக்கவில்லை.

பார்க்க வா. வருகிற நாளை முன்னாலேயே எழுதிவிட்டு வா. என் அறையில் இன்னொருவர் படுக்க இடம் இல்லை, சிட்டு வீட்டில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் உன்னைத் தெருமுனை வரை அழைத்துப்போவார், பயப்படாதே, செருமத்தான். நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். நீ எனக்காக யாரிடமும் பேச வேண்டியதில்லை. நான் ஏதாவது நடந்ததாகச் சொன்னால், அப்படி இருக்காது என்று சொல்லாதே. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேள். அது போதும்.

நேற்று லேபில் இன்னொன்றும் நடந்தது. முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்கு ஆச்சரியம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை.

இருமலைக் கவனி.

அக்கா